மரதன் ஓடிக் காசு சேர்க்கப்போகிறேன், முழங்கால் வலிக்கிறது

கேள்வி: எனக்கு 36 வயது. கல்லடியில் வீடு, வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். அம்மா மார்பகப் புற்றுநோயில் போய் இரண்டு வருசம். லண்டனில் இருக்கும் மச்சாள் போன வருசம் அங்கே மரதன் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்த்தாள். அதைப் பார்த்துவிட்டு நானும் மூன்று மாதமாக விடிய எழும்பி ஓடுகிறேன். இப்போது 6 கிலோமீற்றர் நிற்காமல் போகும். இன்னும் நாலு மாதத்தில் கொழும்பில் ஒரு மரதன் இருக்கிறது. முழுத்தூரமும் ஓடப்போவதாக எல்லாரிடமும் சொல்லி, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று வாக்கும் வாங்கிவிட்டேன். இரண்டு கிழமையாக வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலி. கணவர் பாதித்தூரம் ஓடினால் போதும் என்கிறார். விட்டுக்கொடுக்க மனமில்லை. விடிய நாய்களும் துரத்துகின்றன. என்ன செய்யட்டும்? பெயர் போடவேண்டாம்.

பதில்:

தங்கச்சி, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அவர் சொல்வதுதான் சரி. இந்த வருசம் அரை மரதன் ஓடுங்கள், 21 கிலோமீற்றரும் கொஞ்சமும். முழுசு அடுத்த வருசம். இதை நான் பயத்தில் சொல்லவில்லை. பிசியோதெரபி மேசையில் படுக்கிற ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் எந்தக் கட்டத்தில் வருகிறார்கள் என்று பார்த்துப் பழகியதால் சொல்கிறேன்.

42.195 கிலோமீற்றர் என்பது கிட்டத்தட்ட மட்டக்களப்பு டவுனிலிருந்து கல்முனைக்குப் போகிற தூரம். பஸ்சில் ஏறி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் தாண்டி இறங்கும்போது நமக்கே இடுப்புப் பிடித்துவிடும். இப்போது ஓடும் 6 கிலோமீற்றரைப் பார்த்தால் நீங்கள் காத்தான்குடியை விட்டே இன்னும் வெளியே வரவில்லை. நாலு மாதத்தில் மிச்சத்தையும் முடிக்கலாம் என்று இணையத்தில் திட்டம் போட்டுத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் ஏற்கெனவே கிழமைக்கு முப்பது கிலோமீற்றராவது ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கானவை, அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

மூன்றாவது மாதம் ஏன் ஆபத்து என்றால், நெஞ்சும் மூச்சும் கெதியாகப் பழகிவிடும். சில கிழமைகளிலேயே முன்பு இளைத்த இடத்தில் இளைக்காது, கால் தானாகப் போகும், இன்னும் ஒரு கிலோமீற்றர் என்று மனசு சொல்லும். தசைநாரும் எலும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். ஆக, மூச்சு அனுமதி கொடுத்துவிட்டது, எலும்பு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வங்கியில் இருக்கிறீர்கள், ஒற்றைக் கையெழுத்தில் காசு எடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, முழங்கால். பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஆனால் ஒன்றிரண்டு விசயம் நீங்களே பார்க்கலாம். வலி ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் தொடங்குகிறதா, நடந்தால் அடங்கி ஓடினால் திரும்ப வருகிறதா, படி இறங்கும்போது ஏறுவதைவிடக் கூடுதலாகக் குத்துகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், இடுப்பெலும்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்காலுக்குக் கீழே போய்ப் பிடிக்கும் ஒரு பட்டையான நார் இருக்கிறது, அதுதான் முழங்கால் எலும்பின் மேட்டில் பட்டுப்பட்டு எரிச்சல்படுகிறது. புதிதாக ஓடுபவர்களுக்கு மிகச் சாதாரணமாக வருவது.

இன்னொன்று கேட்கிறேன், நீங்கள் வீதியின் வலது ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடிதானே ஓடுகிறீர்கள்? பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் நம் ஊர் சமதரை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, மழைத்தண்ணீர் வடியவேண்டும் என்று வீதியை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். வலது ஓரத்தில் ஓடினால் வலது கால் எப்போதும் ஒரு விரற்கடை பள்ளத்தில் விழும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள், மூன்று மாதம். பள்ளத்தில் விழுகிற காலின் வெளிப்பக்க நார்தான் இழுபடும். கடற்கரையில் ஓடலாம் என்று கல்லடிப் பக்கம் இறங்கிவிடாதீர்கள், ஈரமணல் வீதியைவிட மோசமான சரிவு.

செய்யவேண்டியது இதுதான். அடுத்த இரண்டு கிழமை, வலி வருகிற தூரத்துக்கு ஒரு கிலோமீற்றர் முன்னமே நிறுத்திவிடுங்கள். ஓட்டத்தை முழுதாக விடவேண்டாம். கிழமையில் இரண்டு நாளாவது வெபர் மைதானத்துக்கு மாறுங்கள், அங்கேயும் ஒரே பக்கம் சுற்றாமல் பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம். அப்புறம் பிட்டத்தின் பக்கத்துத் தசை. அது பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சரியும், முழங்கால் உள்ளே விழும், நார் இழுபடும். கண்ணாடிக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்று, கதிரையில் இருக்கப்போவதுபோல் மெதுவாகப் பாதி இறங்கிப் பாருங்கள். முழங்கால் பெருவிரல் பக்கம் சாய்ந்து விழுகிறதா? விழுந்தால் உங்களுக்கான மருந்து ஓட்டம் இல்லாத நாட்களில்தான் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராக, குதிக்கால் கொஞ்சம் பின்னுக்கு இருக்கும்படி தூக்கி இறக்குங்கள், பக்கத்துக்குப் பதினைந்து, மூன்று முறை. பிள்ளைகள் பாடம் படிக்கும் நேரத்தில் பாயில் படுத்துக்கொண்டே முடிக்கலாம். ஆறேழு கிழமை விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும், இரண்டு நாளில் தெரியாது.

வலிக்குளிசை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வகையறா வியர்த்து வறண்ட உடம்பில் சிறுநீரகத்துக்குக் கேடு, வலி என்கிற எச்சரிக்கையையும் வாயை மூடவைத்துவிடும். முழங்கால் வீங்கினால், நடுவில் பூட்டிக்கொண்டால், இரவில் படுக்கையிலும் வலித்தால் அது நான் சொன்ன விசயம் இல்லை, நேரே வந்து காட்டவேண்டும். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பில் வலி வந்தால் பெருவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வாருங்கள். நீளத்துக்கும் மெல்லிய நோவு என்றால் ஓய்வும் ஐஸும் போதும். ஒரு சதக்குற்றி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று குத்தினால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எக்ஸ்ரேக்குப் போகவேண்டும். அந்தக் கீறல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும் என்பதால், படம் சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடவும் கூடாது.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கிழமைக்கு நாலு நாள், அதில் ஒரு நாள் மட்டும் நீளம். நீளமான நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று கிழமை கூட்டினால் நாலாவது கிழமை குறைத்து, அரை மரதனுக்கு முன் 17, 18 கிலோமீற்றர் வரை கொண்டுபோனால் போதும். எல்லாரும் பிழை விடுவது வேகத்தில். பக்கத்தில் ஓடுபவரோடு ஒரு முழு வசனம் கதைக்க முடியாத வேகத்தில் போனால் அது உங்களுக்குக் கூடின வேகம். நடுவில் ஒரு நிமிடம் நடந்து திரும்ப ஓடுவதில் வெட்கமே இல்லை, பந்தயத்திலும் அப்படியே செய்யலாம், மெடல் கொடுப்பவர்கள் நடந்தீர்களா என்று கேட்பதில்லை.

சூடு விசயத்தில் மட்டும் லண்டன் மச்சாளின் பேச்சைக் கேட்காதீர்கள். அவள் ஓடுவது ஏப்ரல் மாதத்துக் குளிரில். இங்கே கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலை ஏழு மணிக்கே முகத்தில் அனல் வீசும், மற்ற மாதங்களில் வாவியும் கடலும் சேர்ந்து காற்றையே ஈரமாக்கி வைத்திருக்கும், வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்த்தாது. ஐந்து மணிக்கு முன் தொடங்கி வெயில் ஏறமுன் முடியுங்கள். எவ்வளவு குடிப்பது என்பதற்கு ஒரு எளிய வழி, ஓடமுன்னும் ஓடியபின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு கிலோ குறைவது பரவாயில்லை. நிறை கூடியிருந்தால்தான் நான் பயப்படுவேன். தாகம் இல்லாமலே வழியில் வைத்திருக்கும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இரத்தத்தில் உப்பு குறைந்து, தலையிடி, வாந்தி, தடுமாற்றம், கடைசியில் வலிப்பு வரை போகும். மரதனில் மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் இது கூடுதலாக வருகிறது, ஏனென்றால் குடிக்க அவர்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது. தாகத்துக்குக் குடியுங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போனால் ஜீவனி, அதுதான் தண்ணீரில் கரைக்கிற அந்த உப்புச் சீனித் தூள், சேருங்கள். ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர், அரைப் போத்தலில் முழுப் பக்கற்றைக் கொட்டிக் குடிக்கிற வேலை வேண்டாம்.

கணவரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். ஓடிவரும் ஆள் கதை தடுமாறி, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் முழித்தால், வாகனம் தேடமுன் நிழலில் போட்டுத் தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றவேண்டும், ஐஸ் இருந்தால் அக்குளிலும் கழுத்திலும் வைக்கவேண்டும். முதலில் குளிர்த்துவது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

சாப்பாட்டில் ஒன்றிரண்டுதான். ஒன்றரை மணித்தியாலம் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு முப்பது கிராம் மாச்சத்தாவது உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் சேமிப்புத் தீர்ந்து கால் கல்லாகிவிடும். விலை கூடிய ஜெல் தேடி அலையவேண்டாம், காத்தான்குடியில் வாங்குகிற சின்னப் பேரீச்சம்பழம் ஐந்தாறு போதும், கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள். அப்புறம் ஓடத் தொடங்கியதிலிருந்து காரணமில்லாமல் களைக்கிறது என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பாருங்கள், ஹீமோகுளோபின் மட்டுமில்லை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்து. சாப்பாடு முடிந்த கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது, அது சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு எடுக்கவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

இனி காசு. முழங்காலைவிட எனக்குக் கவலை இதுதான். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்கியிருக்கிறீர்களே, அதை முதலில் மாற்றுங்கள். அம்மாவின் பெயரைச் சொல்லி வாங்கிய வாக்கு அது, இருபத்தெட்டாவது கிலோமீற்றரில் முழங்கால் நில் என்று கத்தும்போது உங்களால் நிற்க முடியாது, ஒவ்வொரு கிலோமீற்றரும் காசு என்று மனம் கணக்குப் போடும். பாதித்தூரம் ஓடுவதை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் நினைப்பதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். மச்சாளிடம் கேட்டுப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் ஆட்கள் ஓட்டத்துக்கு முன்னமே ஒரு தொகையை நேரே அந்த அறக்கட்டளைக்கு இணையத்தில் கட்டிவிடுவார்கள். ஓடுபவர் கையில் காசு வருவதும் இல்லை, முடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கிற பேச்சும் இல்லை.

இப்படிக் காசு சேர்த்தவர்களில் பெரியவர் என்றால் டெரி ஃபாக்ஸ், கனடாவில் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் அவர் பெயரில் ஓடியிருப்பார்கள். 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள், பதினெட்டு வயது. 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி, நாளுக்கு ஒரு மரதன் தூரம் என்ற கணக்கில் மேற்குக் கரை வரை ஓடப் புறப்பட்டார். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடி, தண்டர் பே என்கிற ஊருக்குப் பக்கத்தில், நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் நிறுத்தினார். அடுத்த வருசம் ஜூனில் இறந்தார், 22 வயது. நாட்டில் ஆளுக்கு ஒரு டொலர் என்று கேட்டிருந்தார். அவர் கண்மூடமுன்னமே 24 மில்லியன் டொலருக்கு மேல் சேர்ந்துவிட்டது, அன்றைய கனடாவின் சனத்தொகையும் ஏறக்குறைய அதுதான். அவர் ஓட்டத்தை முடிக்கவில்லை தங்கச்சி. யாரும் காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஆகவே வாக்குத் தந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மெசேஜ் போடுங்கள், இந்த வருசம் அரைத்தூரம், வைத்தியக் காரணம், கிலோமீற்றர் கணக்கு இல்லை, விரும்பிய தொகையைத் தாருங்கள் என்று. ஒன்றிரண்டு பேர் நழுவுவார்கள், நழுவட்டும், அவர்கள் 42 முடித்தாலும் தந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது, காசு எங்கே போகிறது? ஆராய்ச்சிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நம் ஆட்களிடம் போய்க் கேட்கும்போது அவர்கள் நோயாளிக்கு என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். இரண்டும் வேறு. அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வைத்தியம் இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் பிரிவு இருக்கிறது. ஆனால் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் குடும்பத்துக்குப் பயணம், தங்குவது, வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை, கூட நிற்கிறவரின் நாட்சம்பளம் என்று போகிற காசு பெரிய காசு. அம்மாவோடு திரிந்தபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்தார்களே, அந்தக் காசு தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு என்று முதல் நாளிலிருந்தே சொல்லித்தான் சேர்த்தார்கள். எதற்கு என்று கேட்டால் ஒரே வரியில் பதில் இருந்தது.

ஆராய்ச்சிக்குத்தான் என்று நீங்கள் உறுதியாக நின்றால் அதுவும் நல்லதுதான், நம் நாட்டில் அதற்குக் கேட்பார் குறைவு. இலங்கை ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருவது வாய்ப்புற்றுநோய். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் சொல்லிவிட்டது, புகையிலை சேர்க்காமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்று நம் வயல்வாடிகளில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் வெற்றிலை மடிக்கிறார்கள். பேராதனைப் பல்மருத்துவ பீடத்தில் வாய்ப்புற்றுநோய் ஆராய்ச்சி நீண்ட காலமாக நடக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் படிப்பிக்கிற பீடம் இருக்கிறது. நேரே போய் எந்த ஆராய்ச்சி, ஒழுக்கக் குழுவின் அனுமதி இருக்கிறதா, காசு பல்கலைக்கழகக் கணக்குக்கா தனிமனிதர் கணக்குக்கா, மிஞ்சினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்துக்குக் கொடுங்கள். ஒரு சதமும் உங்கள் சொந்தக் கணக்கில் விழவேண்டாம். வாங்கியதும் கட்டியதும் பற்றுச்சீட்டோடு எல்லாருக்கும் போகட்டும். சப்பாத்து, பதிவுக்காசு, கொழும்புப் பயணம் உங்கள் சொந்தச் செலவு. வங்கிக்காரருக்கு இதெல்லாம் நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் துக்கத்தில் தொடங்குகிற காரியத்தில் கணக்கு எழுத யாருக்கும் கை வராது.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், உங்களுக்கு 36. நீங்கள் உங்களைப் பரிசோதித்தீர்களா? எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது, 35 வயதுக்காரரைத் தேடித்தேடிக் கூப்பிடுகிறார்கள், மார்பும் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்தும் பார்ப்பார்கள், காசில்லை. அம்மாவுக்கு எத்தனை வயதில் வந்தது, பெரியம்மா, அம்மம்மா யாருக்காவது இருந்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள், அதை வைத்துத்தான் உங்களுக்கு எப்போதிலிருந்து என்ன பரிசோதனை என்று முடிவெடுப்பார்கள். கொழும்பு ஓட்டத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளவேண்டாம், இந்த மாதமே போங்கள்.

நாய். ஓடுகிற எதையும் துரத்துவது அதன் குணம், ஆகவே நில்லுங்கள். முதுகைக் காட்டாமல், கண்ணை நேரே பார்க்காமல், கையைத் தொங்கவிட்டு மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குள் அதன் ராச்சியம் முடிந்துவிடும். கல்லெடுக்கக் குனிவதுபோல் பாவனை செய்தாலே நம் ஊர் நாய்களில் பாதி ஓடிவிடும், மிச்சப் பாதிக்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். கடித்தால், கீறினாலும்கூட, சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணித்தியாலம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போங்கள். முடிந்தால் அவரையும் சைக்கிளில் பின்னால் வரச்சொல்லுங்கள். பாதித்தூரம் போதும் என்று சொன்னவர்தானே, அந்தப் பாதியை அவரும் மிதிக்கட்டும், தண்ணீர்ப் போத்தலையும் பேரீச்சம்பழத்தையும் கூடையில் வைத்துக்கொண்டு.